பலகையில் பச்சை

அந்த ஆள் எங்கள் கரைக்கு வந்து சேர்ந்த புதன்கிழமை எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. வேண்டாதவரைப் பார்த்தால் கோபம் வர வேண்டும், எனக்கு வரவில்லை. எட்டு வருஷம் கறுவிக்கொண்டிருந்தவளின் முன்னால் ஆள் தானாகவே நடந்து வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "நானும் சேந்துக்கலாமா மதாம்?" என்று கேட்டால் சந்தோஷப்படாமல் என்ன செய்வது? படிவத்தை எடுத்து நீட்டினேன். பேனாவையும் மூடி கழற்றிக் கொடுத்தேன்.

அரியாங்குப்பம் ஆறு கடலில் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால், வீராம்பட்டினம் பக்கத்துக் கரையில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, பாய்மரப் படகு ஓட்டச் சொல்லித்தருகிறேன். சனிக்கிழமை பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள்: வங்கியில் வேலை பார்ப்பவர்கள், ஆசிரியைகள், வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் விவசாய வீட்டு மனிதர்கள். புதன்கிழமை பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு. எங்கள் ஊரில் பட்டாளத்துக்காரர் இரண்டு வகை. இந்திய ராணுவத்தில் இருந்தவர்கள் ஒரு வகை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து, மாதா கோயில் தெருப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு, 'சொல்தா' என்று பேர் வாங்கியவர்கள் இன்னொரு வகை. இரண்டு வகையும் என் கொட்டகையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, எந்தப் பட்டாளத்துச் சாப்பாடு அதிக மோசம் என்று சண்டை போடுவார்கள்.

வந்தவர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் 'அஜூதான்' என்ற பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரை அஜூதான் என்றுதான் கூப்பிடும். நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

நான் தையல்காரர் வீட்டுப் பெண். அத்தாவின் கடையில் கடைவீதிக் கூட்டத்துக்கு ஜிப்பாவும் பள்ளிச் சீருடையும் தைத்துக்கொண்டிருந்த காலத்தில், ஊரின் பழைய படகுக் கிளப்பிலிருந்து கிழிந்த பாய்களைக் கொண்டுவந்து போடுவார்கள். அதைத் தைக்கக் கிளப்புக்குப் போய், தைத்த பாய் எப்படி நிற்கிறது என்று பார்க்கப் படகில் ஏறி, அப்புறம் இறங்க மனசு வராமல் போனது. முக்காட்டுக்கு மேலே தொப்பி போட்டுக்கொண்டு படகு ஓட்டுகிற பாய் வீட்டுப் பெண் என்று கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு பழகிவிட்டது. பயிற்சி கொடுக்கிற அளவுக்கு வந்தேன். கரைப் பொறுப்பும் என்னிடம் தந்தார்கள்.

கரைப் பொறுப்பு என்றால் பலகையைப் பார்த்துக்கொள்வது. எல்லாப் படகுத்துறையிலும் ஒரு பலகை இருக்கும். அதில் ஆளுக்கொரு டோக்கன் ஆணியில் தொங்கும். ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை. தண்ணீரில் இறங்கும் முன் உங்கள் டோக்கனைச் சிவப்புக்குத் திருப்ப வேண்டும். திரும்பி வந்ததும் பச்சைக்குத் திருப்ப வேண்டும். உங்கள் டோக்கனை நீங்களேதான் தொட வேண்டும். காற்று கெட்டு, பலகையில் சிவப்பு மிச்சம் இருந்தால் ரெஸ்க்யூ படகு கிளம்ப வேண்டும். யோசித்துக்கொண்டு நிற்கக்கூடாது. இவ்வளவுதான் விஷயம். சனிக்கிழமை வரும் ஏழு வயசுப் பிள்ளை இதை ஒரே நாளில் கற்றுக்கொள்கிறது.

அஜூதானுக்கு மட்டும் அது வராது. அவர் பட்டாளத்தில் இருபது வருஷத்துக்கு மேல் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டவர். அவர் கூப்பிடுவார், மற்றவர்கள் பதில் சொல்வார்கள். தான் எங்கே இருக்கிறோம் என்று இன்னொருவருக்குக் கணக்குச் சொல்லும் பழக்கமே அவர் உடம்பில் இல்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால், பழைய கிளப்பில், ஒரு நாள் மத்தியானம் ஒரு மணி வாக்கில் தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது. நான் மணி அடித்து எல்லோரையும் கரைக்கு வரவழைத்தேன். படகுகளை இழுத்துக் கொட்டகையில் அடுக்கினார்கள். எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைப் படகுகள், பாயைச் சுருட்டிவிட்டால் எது யாருடையது என்று தெரியாது. பலகையைப் பார்த்தேன். அஜூதானின் டோக்கன் சிவப்பு. அவருடைய போனுக்கு அடித்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. ரெஸ்க்யூ படகு ஓட்டுகிறவனைக் கூப்பிட்டு, "தம்பி, ஒருத்தர் உள்ள இருக்கார், போ" என்றேன்.

அவன் வீராம்பட்டினத்துக்காரன். அப்போது இருபத்தாறோ ஏழோ வயது, கல்யாணம் ஆகி ஒரு வருஷம். அலை அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், போனான். அரைமணி நேரம் தேடினான். இல்லாத ஆளை எங்கே கண்டுபிடிப்பது? திரும்பும்போது கரையோர அலையில் படகு புரண்டது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வலது கையில் இரண்டு விரலை விசிறி வெட்டிக்கொண்டு போய்விட்டது.

அந்த நேரத்தில் அஜூதான் வீட்டில் சாப்பிட்டு முடித்து, போனை ஊமையாக்கிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். பதினொன்றரைக்கே கரையேறி, டோக்கனைத் தொடாமல், பக்கத்து வாசல் வழியாக ஸ்கூட்டரில் போயிருக்கிறார். பன்னிரண்டுக்கு அவருக்குச் சோறு மேசைமேல் இருக்க வேண்டும்.

நான் தம்பியோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். பலகையைப் பார்க்க ஆள் இல்லை. சாயங்காலம் கமிட்டிக்காரர்கள் பலகையின் முன்னால் வந்து நின்றபோது, அஜூதானின் டோக்கன் பச்சையாகத் தொங்கியது. அவரும் பக்கத்திலேயே நின்றார். விசாரணை என்று நான்கு பேர் உட்கார்ந்தார்கள். "நான் வந்த உடனே திருப்பிட்டேன். மதாம் அவசரத்துல வேற யாருதையோ பாத்திருப்பாங்க" என்றார். நான் என் கண்ணால் சிவப்பைப் பார்த்தேன் என்றேன். அவர் சிரித்தார். கெட்ட சிரிப்புகூட இல்லை, பெரிய மனுஷர் சின்னப் பிள்ளைக்குச் சிரிப்பது போல.

"மனுஷக் கண்ணு தப்பாப் பாக்கும் மதாம். பலகை பொய் சொல்லாது."

நான்கு பேரும் தலையாட்டினார்கள். தையல் கடைப் பெண்ணின் கண்ணா, அஜூதானின் வாக்கா என்று வந்தபோது அவர்களுக்கு யோசிக்க எதுவும் இருக்கவில்லை. என்னைக் கரைப் பொறுப்பிலிருந்து எடுத்தார்கள். மறுவாரம் பயிற்சியிலிருந்தும் எடுத்தார்கள். அது பரவாயில்லை. வீராம்பட்டினத்தில் அந்தத் தம்பியை, ஒரு பொம்பளை பயந்து கத்தினதுக்கு விரலைக் கொடுத்துட்டு வந்தவன் என்று சொல்லிச் சிரித்தார்கள். விசைப்படகில் வலை இழுக்கிற வேலை அவனுக்குப் போயிற்று. இரண்டு விரல் இல்லாத கையில் ஈரக் கயிறு நிற்காது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை, இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

நான் இந்தக் கொட்டகையைப் போட்டபோது முதலில் கூப்பிட்டது அவனைத்தான். "அக்கா கூப்ட்டா வர மாட்டனா" என்று வந்துவிட்டான். மூன்று விரலால் அவன் இன்ஜினைப் பிடித்து ஓட்டுவதை ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன். 

அப்புறம் பழைய கிளப்பின் துறையில் மணல் ஏறி, படகு இறக்க வழி இல்லாமல் கிளப்பையே மூடிவிட்டார்கள். அஜூதானுக்குப் படகு வேண்டும். இந்தப் பக்கத்தில் படகு இருக்கிற கரை என்னுடையது ஒன்றுதான். வந்தார். என்னை அடையாளம் தெரிந்ததா என்று முகத்தைத் துருவித் துருவிப் பார்த்தேன். "ஆ, மதாம், நீங்கதானா இத நடத்தறது? பிராவோ!" என்றார். படகு கட்டிக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அவனும் பதிலுக்கு அந்த மூன்று விரல் கையை உயர்த்தினான். எதுவுமே நடக்காத மாதிரி.

சரி, பார்த்துக்கொள்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். முதலில் சின்னச் சின்னதாகத்தான் தொடங்கினேன். இருபது வருஷமாகப் பாய்ப்படகு ஓட்டிய மனுஷரைச் சனிக்கிழமைப் பிள்ளைகளின் குட்டிப் படகில் உட்கார வைத்தேன். முழங்கால் காதைத் தொட்டது. படகைக் கவிழ்த்து நிமிர்த்தும் பயிற்சி மற்றவர்களுக்கு இரண்டு தடவை, அவருக்கு ஆறு தடவை. "பாதுகாப்பு முசியே, வயசாயிடுச்சு இல்லையா" என்று அவருடைய பிரெஞ்சு மரியாதையிலேயே சொன்னேன். வாய்க்குள் ஆற்றுத்தண்ணீர் போக அவர் தலையாட்டினார். பிறகு, காலையில் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட ஆரம்பித்தேன். அவர் பேரைக் கடைசியில் கூப்பிடுவேன். வாழ்க்கையில் ஒரு தடவையாவது அந்த ஆள் வரிசையின் வாலில் நின்று 'உள்ளேன்' என்று சொல்லட்டும் என்று ஆசை.

அவர் என்ன செய்தார் தெரியுமா? குதிகாலை டக்கென்று சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, "பிரெசான்!" என்று பிரெஞ்சில் கத்தினார். பெஞ்சே சிரித்தது. அடுத்த வாரத்திலிருந்து உப்பளத்து ஹவில்தார் முதல், மிலிட்டரி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள் வரைக்கும் எல்லோரும் "பிரெசான்!" என்று கத்தத் தொடங்கினார்கள். நான் அவமானப்படுத்த வைத்தது அவருக்கு அலங்காரமாகப் போயிற்று. புதன்கிழமைதோறும் பேக்கரியிலிருந்து சூடாக நீள ரொட்டி வாங்கிவந்து உடைத்து உடைத்து எல்லோருக்கும் கொடுத்தார். ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் லாரி புதைந்த கதை சொன்னார். நர்ஸம்மாவின் முட்டிவலிக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்தால் சுலபம் என்று பார்த்து இடம் மாற்றிக் கொடுத்தார். என் கொட்டகையில் என்னைவிட அவரைத்தான் எல்லோருக்கும் பிடித்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த ரொட்டியைத் தின்றேன், அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாவது மாதம் கவனித்தேன். அஜூதான் டோக்கனைத் தொடுவதே இல்லை. ஆனாலும் பலகை சரியாக இருந்தது. எப்படி என்று பார்த்தால், ஹவில்தார் தன் டோக்கனைத் திருப்பும்போது பக்கத்து ஆணியில் இருப்பதையும் சேர்த்துத் திருப்புகிறார். கையும் களவுமாகப் பிடித்துக் கேட்டேன். கொஞ்சமும் கூச்சப்படாமல், "சாருது நான் பாத்துக்கறேன் மேடம். அவரு போயி இதையெல்லாம் பண்ணிக்கிட்டு" என்றார். அவருக்கு இது இயல்பு. வேறு நாட்டுப் பட்டாளம், வேறு உடுப்பு, இருவரும் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது. இருந்தாலும் தனக்கு மேல் பதவி என்று ஒன்றைப் பார்த்துவிட்டால் ஹவில்தாரின் கை தானாக நீளும். அஜூதானும் அதைப் பார்க்கக்கூட இல்லை. பார்த்திருந்தாலும் அதில் அவருக்கு அதிசயம் ஒன்றும் இருந்திருக்காது.

அன்றைக்கே நான் சத்தம் போட்டிருக்க வேண்டும். அவனவன் டோக்கனை அவனவன்தான் தொட வேண்டும் என்று பிள்ளைகளிடம் வாரம் தவறாமல் சொல்கிறவள் நான். ஆனால் அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. ஹவில்தார் ஒரு நாள் வரமாட்டார், ஏதோ கல்யாணம், ஏதோ காய்ச்சல் வரும், அன்றைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். இத்தனை வருஷத்தில் இந்தத் தொழிலில் நான் செய்த பெரிய அயோக்கியத்தனம் அதுதான். அப்போது அப்படித் தோன்றவில்லை. பொறுமையாக இருக்கிறேன் என்றுதான் தோன்றியது.

தை மாதத்தில் ஹவில்தார் தங்கை மகள் கல்யாணத்துக்குத் திருக்கோவிலூர் போனார். அந்தப் புதன்கிழமை வாடைக்காற்று கொஞ்சம் பலமாக இருந்தது. ஆற்றுக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டவிட்டு, எல்லோரையும் ஒன்பது மணிக்கெல்லாம் கரையேற்றினேன். கொட்டகைக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தம்பி ரெஸ்க்யூ படகுக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தான். நான் முன்னால் உட்கார்ந்து ஒரு பாயின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தேன்.

அஜூதான் அன்று தாமதமாக வந்தார். பேர் கூப்பிட்டு முடிந்திருந்தது. லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, ஒற்றையாள் படகு ஒன்றைத் தானே தண்ணீருக்குத் தள்ளினார். பலகை அவருக்குக் கை எட்டும் தூரத்தில் இருந்தது. அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "முசியே, டோக்கன்!" என்று கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். என் வாய்க்குள் அந்தச் சொல் வந்து நின்றது. ஊசியில் நூலைக் கோத்தேன்.

படகு போனது. பலகையில் எல்லா டோக்கனும் பச்சை.

முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் உள்ளே காற்று ஒரு அடி அடித்தது. படகு கவிழ்ந்தது. ஆற்றுத்தண்ணீர் கடலுக்கு வடிந்துகொண்டிருந்த நேரம். படகையும் ஆளையும் சேர்த்து, அலை உடைகிற மணல்திட்டுப் பக்கம் மெல்ல இழுத்தது. பைனாகுலரை எடுத்துப் பார்த்தேன். நிமிர்த்தப் பார்த்தார், முடியவில்லை. இன்னொரு தடவை பார்த்தார். நான் ஆறு தடவை செய்ய வைத்த அதே பயிற்சி. பைனாகுலரை மடியில் வைத்துவிட்டுத் தையலைத் தொடர்ந்தேன்.

தம்பி பெட்ரோல் கேனோடு வந்தான். "அக்கா, முகத்தாரம் பக்கம் வெள்ளையா என்னமோ தெரிது. நம்ம படகா?"

"எல்லாரும் கரையிலதான் இருக்காங்க தம்பி. தெர்மாக்கோல் பொட்டி எதாச்சும் மிதக்கும்."

கடலில் பிறந்து வளர்ந்தவன். படகுக்கும் பெட்டிக்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியாதா? ஆனால் சொன்னது நான். "சரிக்கா" என்று திரும்பிப் போய்விட்டான்.

கால்மணி நேரம் இருக்கும். தையல் கோணாமல் நேராக விழுந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நடந்தது. அடுத்த தடவை நிமிர்ந்தபோது படகின் முதுகைப் பிடித்திருந்த ஆளைக் காணோம். பக்கத்தில் தலை மட்டும் தெரிந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அவர் செத்துவிடுவாரே என்ற இரக்கத்தில் வந்த பயம் என்று சொன்னால் பொய். அவர் செத்துவிட்டால் எட்டு வருஷமாக நான் வைத்திருக்கும் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது. தம்பியைக் கத்திக் கூப்பிட்டு, நானும் ரெஸ்க்யூ படகில் ஏறினேன்.

போய்ச் சேர்ந்தபோது அவர் உதடு நீலமாக இருந்தது. கவிழ்ந்த படகின் சுக்கானை ஒரு கையால் பிடித்திருந்தார். அவருக்குப் பின்னால் முப்பது நாற்பது முழத்தில் அலை உடைந்துகொண்டிருந்தது. ஒரு படகு தூரத்தில் தம்பியை இன்ஜினைத் தணிக்கச் சொன்னேன்.

"அன்னைக்கு டோக்கனத் திருப்புனது எப்போ?" என்று கேட்டேன்.

"கயித்தப் போடுங்க மதாம்."

"திருப்புனது எப்போ? சொல்லுங்க. இவன் விரல் போனதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ஒரு அலை முகத்தை மூடிவிட்டுப் போனது. துப்பிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்: "எந்த அன்னைக்கு?"

நடிக்கவில்லை. அந்த நிலைமையில் யாரும் நடிக்க முடியாது. நான் எட்டு வருஷம் தூக்கிச் சுமந்த நாள் அந்த மனுஷருக்கு ஞாபகத்திலேயே இல்லை. எனக்குள் ஏதோ அறுந்த மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும் என்று தோன்றியது, உண்மையாகவே தோன்றியது. என் பின்னாலிருந்து கயிறு பறந்து போய் அவர்மேல் விழுந்தது. தம்பி என்னைக் கேட்கவில்லை. கயிற்றை அந்த வலது கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, பல்லைக் கடித்து இழுத்து, ஆளை அக்குளில் பிடித்து மேலே போட்டான்.

கரையில் எல்லோரும் ஓடிவந்தார்கள். நர்ஸம்மா அவருக்குத் துண்டைப் போர்த்தி, நாடி பார்த்து, சூடாக டீ கொடுத்தார். இரண்டு வாய் குடித்ததும் அஜூதானுக்குக் குரல் வந்தது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"மதாம் என்னப் பாத்தாங்க. நான் கெளம்பறப்பவே பாத்தாங்க. பைனாகுலர வச்சிப் பாத்தாங்க, கண்ணாடி மின்னுனது தெரிஞ்சுது. வேணும்னே வரல."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. தம்பி படகிலிருந்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். நான் ஒன்றும் தடுமாறவில்லை. நிதானமாகப் பலகையைக் காட்டினேன்.

"நான் யாரையும் பாக்கல. பலகையில பச்ச இருக்கு, பாருங்க. முசியே கரையில இருக்காருன்னுதான் பலகை சொல்லுது. தம்பி வெள்ளையா ஒண்ண காட்டின பிறகுதான் போனோம். மனுஷக் கண்ணு தப்பாப் பாக்கும் முசியே. பலகை பொய் சொல்லாது."

எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள். பச்சை. நர்ஸம்மா பெருமூச்சு விட்டு, "டோக்கனத் திருப்பாம போனது உங்க தப்புதானே சார்? இவங்கள சொல்றீங்களே" என்றார். இன்னொருவர், "உயிரக் காப்பாத்துனவங்க மேல பழி போடறதா?" என்றார். அஜூதான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒன்று மெதுவாக மேலே வந்தது. பலகை, பச்சை, அந்த வார்த்தை, விசாரணை மேசை. அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. கண்ணைத் திருப்பித் தம்பியின் கையைப் பார்த்தார். பிறகு கீழே டீ தம்ளரைப் பார்த்தார்.

அந்த ஒரு நிமிஷத்தை நான் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நெஞ்சு நிறைந்துபோனது. எனக்கு அன்று எப்படி இருந்ததென்று இன்று உனக்குத் தெரிந்ததா என்று வாய்விட்டுக் கேட்கவில்லை, அவ்வளவுதான். உண்மையைச் சொல்லி யாரும் நம்பாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அந்த ஆளுக்குக் காட்டிவிட்டேன். அவர் ஈரத் துண்டை மடித்துப் பெஞ்சில் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஸ்கூட்டரில் ஏறிப் போனார். சாயங்காலம் வாட்ஸப் குழுவிலிருந்தும் விலகிவிட்டார். அப்புறம் வரவே இல்லை. கல்யாணத்திலிருந்து திரும்பிய ஹவில்தார் விஷயத்தைக் கேட்டு, தான் ஊரில் இல்லாமல் போனதால்தானே என்று கண்கலங்கினார்.

அன்றைக்கு எல்லோரும் போன பிறகு தம்பி நல்ல தண்ணீர் ஊற்றி இன்ஜினைக் கழுவிக்கொண்டிருந்தான். நான் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு பாய்களை மடித்தேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு உடம்பு லேசாக இருந்தது. அவனும் சந்தோஷமாக இருப்பான் என்று நினைத்தேன். அவனுக்காகவும்தானே இதெல்லாம் என்று நினைத்தேன்.

"அக்கா" என்றான். தலையைத் தூக்கவில்லை.

"என்ன தம்பி?"

"அன்னிக்கி, பழைய கிளப்ல. என்னப் போவ சொன்னப்ப. அவரு டோக்கன் நெஜமாவே செவப்பாதான் இருந்துச்சா?"

இந்த எட்டு வருஷத்தில் அவன் இதைக் கேட்டதே இல்லை. ஊரே சிரித்தபோதும் கேட்கவில்லை. வேலை போனபோதும் கேட்கவில்லை. அவன் பெண்டாட்டி என் முகத்துக்கு நேராகவே திட்டிய நாளில்கூட அவளைத்தான் அடக்கினான்.

"செவப்புதான் தம்பி" என்றேன். "சத்தியமா செவப்பு."

கொஞ்ச நேரம் முன்னால் பலகையைக் காட்டிப் பேசினேனே, அதே குரலில்தான் இதையும் சொன்னேன். எனக்கு வேறு குரல் இல்லை. அவன் "சரிக்கா" என்றான். இன்ஜின்மேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல வந்தான். இன்றுவரை வருகிறான், ஒரு நாளும் தவறுவதில்லை. அக்கா என்றுதான் கூப்பிடுகிறான். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் நான் "தம்பி, போ" என்றால் வாக்கியம் முடிவதற்குள் இன்ஜின் சத்தம் கேட்கும். இப்போது நான் போ என்றதும் அவன் கொட்டகைக்கு வெளியே வந்து, கரையோரக் கல்மேல் ஏறி நின்று, கையை நெற்றியில் வைத்து, தண்ணீரில் நிஜமாகவே ஆள் இருக்கிறதா என்று தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறான்.